ஏழாவது கையெழுத்து

என் அக்காவின் புருஷன் எந்தச் சண்டையிலும் கை ஓங்கியதில்லை. பேப்பரைத்தான் எடுப்பார்.

"ஏழு பேர் இருந்தால் போதும். நாங்கள் தனியப் போவம்."

நான் அவரிடம் அதிகம் கேட்ட வசனம் இதுதான். ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கத்தை நீதிமன்றத்தில் பதிந்துவிடலாம். டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தச் சட்டம் தெரியாது. அத்தானுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கரைச்சல்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு ஆட்சேபக் கடிதம் வரும்.

முதல் பிரிவு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகள் தமிழ் படிப்பார்கள். அந்த வருடப் பரிசளிப்பில், சோதனையில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் தாய் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறவள். முதல் பரிசு நிர்வாகசபைத் தலைவரின் மகளுக்குப் போனது. மண்டபத்தில் எல்லாருக்கும் விசயம் தெரியும். எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அத்தான் மட்டும் எழும்பினார்.

"தலைவர், புள்ளிப் பட்டியலை ஒருக்கா வாசியுங்கோ பார்ப்பம்."

"அண்ணை, அதைப் பிறகு கதைப்பம். சாப்பாடு ஆறுது."

"சாப்பாடு ஆறட்டும். பட்டியலை வாசியுங்கோ."

யாரும் வாசிக்கவில்லை. அடுத்த மாதம் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இன்னொரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது. கீழே ஒரு கரும்பலகை, மேலே ஒரு கரும்பலகை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. இரண்டு ஆண்டு விழாவும் ஒரே நாளில் வைத்தார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என் மகள் கீழே படித்தாள், அக்காவின் மகன் மேலே. இரண்டு பேரும் படிக்கட்டில் இருந்து மேல்மாடி ரோல்ஸையும் கீழ்மாடி ரோல்ஸையும் மாற்றிச் சாப்பிட்டார்கள். யாருக்காக இவ்வளவும் நடந்ததோ அந்தப் பிள்ளை இரண்டுக்கும் வரவில்லை. தாய் அவளை நீச்சலில் சேர்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு விளையாட்டுக் கழகம். அதற்குப் பிறகு கோயில் நிர்வாகம். நாங்கள் இருந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் எல்லாக் குடும்பங்களும் உடுப்புக் காயப் போடுகிற கொடிகள் இருந்தன. போலந்துக்காரி ஒருத்தி எங்கள் கொடியைப் பிடித்துவிட்டாள் என்று அங்கேயும் நிலத்தில் சோக்கால் கோடு போட்டார். போலந்துக்காரி அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதற்கு மேல் நின்றே தன் உடுப்பைக் காயப் போட்டாள்.

ஒவ்வொரு தடவையும் தன்னோடு சேர ஐந்து பேரைத் தேடிப் பிடித்துவிடுவார். கோபக்காரர் ஐந்து பேர் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். ஏழாவது ஆளுக்கு வெளியே போகத் தேவையில்லை. அக்கா அடுப்படியில் நிற்பாள். அவர் பேப்பரை நீட்டுவார். அவள் ஈரக் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எங்கை போடுறது?"

அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். அவள் போட்டுவிட்டுக் கறியைக் கிளறுவாள். ஒரு தடவை நான் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, என்ன பேப்பர் எண்டாவது பாக்கிறேல்லையே?"

"பாத்து? மாட்டன் எண்டால் விடிய விடிய அதை விளங்கப்படுத்துவார். போட்டால் போய் இருந்து ரீவி பாப்பார். எது சுகம்?"

அக்காவின் ஒரு கையெழுத்தும் கொள்கையால் வந்ததில்லை. களைப்பால் வந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு அவரை ஒரு விசரன் என்று நீங்கள் நினைத்தால் அது என் பிழை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் பிள்ளை, புருஷன் கொழும்பில். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் கோப்பைத் துலைத்துவிட்டார்கள். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அடுத்த டெர்மின், திரும்ப வரவேண்டிய தேதி, என்று ஒரு துண்டைத் தந்து அனுப்பினார்கள். நாலாவது தடவை அத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். விடியவே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். கந்தோர்க்காரி வழக்கம்போல ஒரு துண்டை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. தன்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னார்: "கோப்பு வரும்வரைக்கும் நான் இதிலைதான் நிப்பன்." கத்தவில்லை. நின்றார். பின்னுக்கு வரிசை வாசலைத் தாண்டிப் போனது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முதல் கோப்பு ஒரு அலுமாரிக்குப் பின்னாலிருந்து கண்டெடுக்கப்பட்டது. நான் இன்றைக்கு இந்த நாட்டில் இருப்பதற்கு அந்த நிற்பு ஒரு காரணம்.

அவர் சொன்ன குறை எதுவும் பொய்யில்லை. அதுதான் எனக்கு வருகிற கோபம். பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ அவரை விட்டிருப்பேன். புள்ளிப் பட்டியலை மறைத்தது உண்மை. கோயிலில் கணக்குக் காட்டாதது உண்மை. குறையை எல்லாருக்கும் முன்னால் சரியாகக் கண்டுபிடிப்பார், பிறகு அதைத் திருத்துகிற வேலையை விட்டுவிட்டு வெளியே போகிற கதவைத் தேடுவார். ஊரில் இயக்கங்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிய காலத்தில் அவர் இளந்தாரி. அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரைச் சுட்டது ஆமி இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை, அக்காதான் ஒருக்கால் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒரு மனிசன் எப்படிப் பிரிவதையே மருந்தாக நினைக்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு ஜெர்மனியும் அவருக்குச் சரிவரவில்லை. அவர் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் மாடு வெட்டுகிற வேலை செய்தார். அங்கேயும் நியாயமான ஒரு சண்டை. அப்போது கனடாவின் மேற்கே, அல்பேர்ட்டா மாகாணத்தில் ஒரு இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முதல் டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் அக்கா என் சால்வையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"கனடாவில எங்கட சனம் கூட. நீயும் யோசி," என்றார் எனக்கு.

எங்கள் சனம் கூட இருப்பது ரொறன்ரோவில். அவர் போன ஊருக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் விமானத்தில் நாலு மணித்தியாலம். கல்கரிக்குத் தெற்கே, கோதுமைக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அவர்களையும் சேர்த்துத் தமிழர் ஐந்து பேர். ஏழுகூட இல்லை. அக்காவிடம் சொன்னேன், "இனி நிம்மதியாய் இரு, சங்கம் தொடங்க ஆள் காணாது." அவளும் சிரித்தாள். பத்து வருடம் அப்படித்தான் போனது. குடியுரிமை எடுத்தார்கள். மகன் கல்கரியில் மின்சார வேலைக்குப் போனான்.

அதற்குப் பிறகு அந்த மாகாணமே அத்தானைப் போலக் கதைக்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடியோவில் கதைப்போம். இங்கே பின்னேரம் நாலு மணி, அங்கே காலை எட்டு. ஒருநாள் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினார். முகத்தில் நான் கனகாலம் காணாத வெளிச்சம்.

"இஞ்சை ஒரு பெரிய அலுவல் நடக்குது. அல்பேர்ட்டா கனடாவை விட்டுத் தனிய போகப் போகுது. கையெழுத்துச் சேர்க்கிறம்."

"ஆர், நீங்களும் மாட்டுக்காரருமோ?"

"சிரிக்காதை. எண்ணெய் எங்கட மண்ணுக்குள்ள. காசு ஒட்டாவாவுக்கு, மத்திய அரசாங்கத்துக்கு. எங்களுக்கு என்ன வருது? ரோட்டு இல்லை, டொக்டர் இல்லை."

"எங்கட மண்ணோ? அத்தான், நீங்கள் அங்கை போய்ப் பன்னிரண்டு வருசம்."

"வரி கட்டுறன். என்ர மண்தான்."

நாங்கள் தனிநாடு கேட்ட சனம். அதைப் பற்றி நான் சிரிக்கமாட்டேன். எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள், எங்கள் பொடியளைக் கொண்டுபோனார்கள். ஆகவே எனக்குக் கோபம் வந்தது. கேட்டேன்.

"அங்கை உங்களை ஆர் அடிச்சது?"

"அடிச்சால்தானோ பிரியலாம்?"

"வேறை என்னத்துக்குப் பிரியிறது?"

அவருக்குப் பதில் இருந்தது. அவருக்கு எப்போதும் இருக்கும். நான் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். திரும்ப எடுத்தபோதும் கதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அக்கா கையால் எனக்குச் சைகை காட்டினாள், விடு விடு என்று. அவளும் போட்டுவிட்டாளாம். எங்கே போடுவது என்று கேட்டு.

எனக்கு அக்காவைப் பற்றித்தான் பயம். அவளுக்குப் பிரஷர். எங்கள் அம்மாவை விழுத்தியது அதுதான். அக்கா பார்த்துவந்த குடும்ப வைத்தியர் அந்த ஊரை விட்டுப் போய்விட்டார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. குளிசை முடிய ஒரு மருந்துக்கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.

"அளந்து பாத்தனியோ?"

"ஆரிட்டப் போய் அளக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போனால் அவசரப் பிரிவில நாள் முழுக்க இருக்கவேணும். சில நாள் அதையும் பூட்டிப்போடுவினம். டொக்டர் இல்லை எண்டு கதவில பேப்பர் ஒட்டியிருக்கும்."

"அத்தானைக் கேளன், உன்னோட வந்து நிக்கச் சொல்லி. இஞ்சை எனக்கு நிண்டவர்தானே."

"அவருக்கு எங்கை நேரம்?"

இங்கேயும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. கண் வைத்தியருக்கு டெர்மின் கேட்டால் அரை வருடம் கழித்துத் தருகிறார்கள். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன், எத்தனை பேர் வைத்தியருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அதன் அவசரப் பிரிவுக் கதவு பூட்டியிருந்ததை நான் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு கலண்டர் தொங்கியது, வீடியோவில் தெரியும். சில தேதிகளில் சிவப்பு வட்டம்.

"என்ன அக்கா, விரதமோ?"

"அத்தான்ர கூட்டம். இந்தந்த நாளில விடியவே வெளிக்கிட்டுப் போயிடுவார்."

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி வருவதை அத்தானே எனக்குச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவசரப் பிரிவு எந்தெந்த நாள் பூட்டு எண்டு முன்னமே அறிவிப்பினம். நான் அதைக் கலண்டரில வட்டம் போட்டு வைப்பன். அந்த நாளில போய் அந்தக் கதவுக்கு முன்னால நிப்பன். சனம் காய்ச்சலோட பிள்ளையளைக் கொண்டு வரும், பேப்பரைப் பாக்கும், கோபம் வரும். அப்ப நான் போய், 'பாத்தீங்களோ, ஒட்டாவா எங்களை எப்பிடி வைச்சிருக்குது' எண்டு சொல்லி, கையெழுத்துப் பேப்பர் செருகின போர்டை நீட்டுவன். கடைத்தெருவில நாள் முழுக்க நிண்டாலும் அவ்வளவு கையெழுத்து விழாது.

"அண்டைக்கும் நிண்டன். பத்து மணி இருக்கும். ஒரு கார் வேகமாய் வந்து நிண்டுது. நல்ல கோபத்தில வருகினம் எண்டு நினைச்சன். போர்டோட போனன். கண்ணாடியைத் தட்டினன். பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பிள்ளை கண்ணாடியை இறக்கினாள். பக்கத்து சீற்றில உன்ர அக்கா. வாய் ஒரு பக்கம் போயிட்டுது. வலக் கை கீழ தொங்குது. அக்கா என்னைப் பாத்தா. பிறகு என்ர கையில இருந்ததைப் பாத்தா."

அந்தப் பிள்ளை அம்புலன்ஸுக்குப் போன் அடித்திருக்கிறாள். வேறு ஊரிலிருந்து வரவேண்டும், நேரமாகும் என்றிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம்தானே என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அது பூட்டின நாள் என்று அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு முன்னால் நின்றார்.

"பின் சீற்றில ஏறினன். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒண்டரை மணித்தியாலம். போய் இறங்கேக்கைதான் பாத்தன், போர்ட் என்ர மடியிலேயே கிடக்குது."

பாரிசவாதம். முதியோர் இல்லத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான்: முகம் கோணினால், கை தூக்க ஏலாவிட்டால், மணிக்கூட்டைப் பார், ஓடு. நேரம் போகப் போக மூளை போகும். அக்கா உயிரோடு இருக்கிறாள். வலக் கை இல்லாதது போலத்தான். சொல் வருவது கஷ்டம்.

ஆஸ்பத்திரி நடையில் அத்தான் மகனுக்குச் சொல்லியிருக்கிறார், "பாத்தியோ, ஒட்டாவா செய்த வேலையை." மகன் தகப்பனை எதிர்த்து ஒரு சொல் கதைக்காத பிள்ளை. அன்றைக்குக் கதைத்தான்.

"அப்பா, ஆஸ்பத்திரி மாகாணத்தின்ர பொறுப்பு. டொக்டரை வைச்சிருக்கிறதும் விடுறதும் இஞ்சத்தை ஆக்கள். ஒட்டாவா காசு மட்டும்தான் குடுக்கும். நீங்கள் எந்தக் கதவுக்கு முன்னால நிண்டு எவனை ஏசினனீங்கள்?"

நான் முதலே எழுதினேன், அவருக்கு எப்போதும் பதில் இருக்கும் என்று. அன்றைக்கு இருக்கவில்லை. அப்படியே போய்க் கதிரையில் இருந்தாராம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வரவில்லை. முப்பது வருடமாக அந்த வாய் அடைக்கவேண்டும் என்று நினைத்தவள் நான். அடைத்தபோது என் அக்காவின் கை போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு வேலையை விட்டார். அவளைக் குளிக்க வார்த்தார், தலை இழுத்துச் சீவினார், பின்னலை மட்டும் ஒருநாளும் சரியாகப் பின்னவில்லை. சோற்றைக் குழைத்து வாயில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை போனை அவளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். கலண்டரில் வட்டம் இல்லை. நான் அவரோடு கதைக்கவில்லை. அவரும் என்னோடு கதைக்கவில்லை. அந்த ஒரு தடவை சொன்னதோடு சரி.

மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு மகன் எனக்கு எழுதினான்: "சின்னம்மா, அப்பா அந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சிட்டார். புதுசா ஒண்டு தொடங்கிறார். அவசரப் பிரிவை ஒரு நாளும் பூட்டக்கூடாது எண்டு மாகாண அரசாங்கத்துக்கு மனு. பிலிப்பைன்ஸ்காரர், பழைய மாட்டுக்காரர் எல்லாம் சேர்ந்திருக்கினம்."

நான் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு வேலை உடுப்போடு கட்டிலில் இருந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. களைத்துப்போனேன். இந்த மனிசனோடு எத்தனை தரம் முதலிலிருந்து தொடங்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தபோது அக்கா சக்கர நாற்காலியில் சமையலறை மேசைக்கு முன்னால் இருந்தாள். அத்தான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டார். மேசையில் ஒரு பேப்பர். போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஆறு கையெழுத்து விழுந்திருந்தது.

மனுவுக்கு ஏழு பேர் தேவை என்று கனடாவில் ஒரு சட்டமும் இல்லை. அது டோர்ட்மண்டுச் சட்டம். அவர் தலைக்குள் இருக்கிற சட்டம்.

"அத்தான், அவளை விடுங்கோ," என்று கத்தினேன். "பேப்பரை எடுங்கோ அதிலை இருந்து. இன்னும் போதாதோ?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பேனையை அக்காவின் இடக் கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். பிறகு பேப்பரில் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். அவள் கேட்கமாட்டாள், கேட்கும் சொல் அவளிடம் இல்லை என்று நினைத்திருப்பார்.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள். நேரம் எடுத்தது. வாயின் நல்ல பக்கம் அசைந்தது.

"வா... வாசி... வாசியுங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"என்னம்மா?"

"முதல். வாசியுங்கோ."

அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியில் இருந்தது. பேப்பரை எடுத்து, தெரிந்த இங்கிலிஷில், தலைப்பிலிருந்து ஒவ்வொரு வசனமாக வாசித்தார். வாசித்துவிட்டு ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். கதவைப் பூட்டிய நாட்கள் பற்றிய இடத்தில் குரல் நின்றது. அக்கா பேனையால் மேசையில் தட்டினாள். அவர் திரும்பவும் அந்த வரியிலிருந்து தொடங்கினார்.

பேனையை அவள் கீழே வைக்கவும் இல்லை, பேப்பரில் வைக்கவும் இல்லை.